ஊர்ல ஜில்லுனு இருந்த அதே மண்பானை, சென்னைக்கு வந்ததும் ஏன் தண்ணிய குளிர வைக்க மாட்டேங்குது?

கரூர்_மீனா

எல்லாருக்கும் வணக்கம். கேள்வி கொஞ்சம் விசித்திரமா இருக்கும், ஆனா வீட்ல இதுக்காக தினமும் பஞ்சாயத்து ஓடுது அதான் கேக்கறேன். எங்களுக்கு ஊரு கரூர் பக்கம். அம்மாவ போன மாசம் இங்க திருவான்மியூருக்கு கூட்டிட்டு வந்துட்டோம், வரும்போது வேற எதுவும் வேணாம்னுட்டு அந்த பழைய தண்ணிப் பானைய மட்டும் துணில சுத்தி மடிலயே வச்சு கார்ல கொண்டு வந்தாங்க. ஊர்ல சித்திரை வைகாசில வெளிய தீயா கொளுத்தும், அந்த பானைத் தண்ணிய ஒரு சொம்பு மொண்டு குடிச்சா தொண்டை வரைக்கும் ஜில்லுனு இறங்கும். இங்க அதே பானை, அதே மூடி, ராத்திரி ஊத்தி வச்சா காலைல பச்சத் தண்ணி மாதிரிதான் இருக்கு, குளிர்ச்சியே இல்ல. அம்மா சொல்றாங்க மெட்ரோ தண்ணில மருந்து கலக்கறதால பானை செத்துப்போச்சுன்னு. வீட்டுக்காரர் சொல்றார் பானை பழசாயிடுச்சு வேற வாங்கிக்கலாம்னு. அம்மாவுக்கு அத தூக்கிப் போட மனசு வரல, ஃப்ரிட்ஜ் தண்ணியும் ஒத்துக்காது. உண்மைல என்னதாங்க காரணம்? பானைலயா, தண்ணிலயா?

சூளைமேடு_செந்தில்

அக்கா பானைக்கு மேல பெயின்ட் கியின்ட் அடிச்சிருக்கா? இப்ப கடைல விக்கிற டிசைன் பானை பாதிக்கு மேல வார்னிஷ் போட்டதுதான், அதுல ஒரு சொட்டு கூட கசியாது.

கரூர்_மீனா

இல்லங்க தம்பி, சாதா கருஞ்செவப்பு பானை. கசியுது, வெளிப்பக்கம் கை வச்சா ஈரம் தெரியுது. அதான் இன்னும் குழப்பம்.

இயற்பியல்_வாத்தியார்

மீனா, கசியுதுன்னு சொன்னீங்க பாருங்க, அதுலயே பாதி பதில் இருக்கு. பானையும் நல்லா இருக்கு, தண்ணியும் நல்லா இருக்கு. மாறினது காத்து.

பானை தானா எதையும் குளிர வைக்கிறது இல்ல. சுவத்துல இருக்கிற கண்ணுக்குத் தெரியாத துளை வழியா தண்ணி வெளிப்பக்கம் வந்து ஆவியாகுது, ஆவியாகணும்னா அதுக்கு வெப்பம் வேணும், அந்த வெப்பத்த பானைகிட்டயும் உள்ள இருக்கிற தண்ணிகிட்டயும்தான் எடுத்துக்கும். எவ்ளோ எடுக்கும்னா ஒரு கிராம் தண்ணி ஆவியாக சுமார் 580 கலோரி வெப்பம் வேணும். அதாவது 10 லிட்டர் பானைல வெறும் 100 மில்லி ஆவியாச்சுன்னா, வெளியிலேர்ந்து சூடே உள்ள வரலன்னு வச்சுக்கிட்டா, மீதித் தண்ணி 5, 6 டிகிரி இறங்கும். அரை டம்ளர் தண்ணி செய்ற வேலை அது!

இப்ப விஷயம் என்னன்னா காத்துல ஏற்கனவே ஈரம் நிறைய இருந்தா பானை மேல இருக்கிற தண்ணி ஆவியா கிளம்பவே கஷ்டப்படும், அப்படியே ஈரமா உக்காந்துக்கும். நீங்க கை வச்சா ஈரம் தெரியுதுன்னு சொன்னது அதுதான். கரூர்ல மத்தியானம் உங்க பானையத் தொட்டுப் பாத்திருந்தா வெளிப்பக்கம் இவ்ளோ நசநசன்னு இருந்திருக்காது, கசியக் கசிய காஞ்சுக்கிட்டே இருந்திருக்கும்.

இதுக்கு ஒரு கணக்கு இருக்கு. தெர்மாமீட்டர் குமிழ்ல ஈரத்துணி சுத்தி காத்துல வச்சா அது எந்த அளவுக்கு இறங்குதோ அத வெட் பல்ப் வெப்பநிலைன்னு சொல்லுவோம், பானைத் தண்ணி எவ்ளோ முக்கினாலும் அதுக்குக் கீழ போகவே போகாது. கரூர் மாதிரி உள்மாவட்டத்துல மத்தியானம் 40 டிகிரி, ஹியூமிடிட்டி, அதாவது காத்து ஈரம், 20 சதவீதம்னு வைங்க, வெட் பல்ப் 23 கிட்ட வரும். பானை முழுசா அங்க வரைக்கும் போகாது, 26, 27ல நின்னாலும் வெளிய 40 இருக்கும்போது அது அமிர்தமா இருக்கும். திருவான்மியூர்ல கடக்காத்து வீசற நேரம் 35 டிகிரி, 65 சதவீதம்னு வைங்க, வெட் பல்ப்பே 29க்கு மேல. பானை 31ல நிக்கும். நம்ம உடம்பும் வேர்வை காயாம புழுங்கிட்டு இருக்கும்போது 31 டிகிரி தண்ணி குடிச்சா பச்சத் தண்ணியாதான் தெரியும். ராத்திரில இன்னும் மோசம், காத்து ஈரம் இன்னும் ஏறிடும், நீங்க ராத்திரி ஊத்தி காலைல பாக்கறீங்க, சென்னைல பானைக்கு அதவிட கெட்ட நேரம் கிடையாது.

இதுல எனக்கு ரொம்பப் பிடிச்ச ஒரு விஷயம் சொல்றேன், அம்மாகிட்டயும் சொல்லுங்க. மே, ஜூன்ல சில நாள் சென்னைல கடக்காத்து லேட்டாகும், மேக்கேர்ந்து தரைக்காத்து அடிச்சு வெயில் 40ஐத் தாண்டும், டிவில எல்லாம் அனல் காத்துன்னு சொல்லுவாங்க. அன்னிக்கு காத்து வறண்டு இருக்கும், அன்னிக்குதான் உங்க பானை கரூர்ல மாதிரி வேலை செய்யும். அப்படி ஒரு நாள் மத்தியானம் அம்மாவையே மொண்டு குடிச்சுப் பாக்கச் சொல்லுங்க, பானை சாகலன்னு அவங்களே நம்புவாங்க.

நாமக்கல்_லாரி

வாத்தியார் சொன்னது நூத்துக்கு நூறு. எங்கப்பா லாரி ஓட்டினவரு, அந்தக் காலத்துல வண்டி முன்னாடி கித்தான்ல தச்ச தண்ணிப் பை ஒண்ணு தொங்கும், இப்ப பாக்கறதே அபூர்வம். வண்டி ஓட ஓட காத்து அடிச்சு தண்ணி ஐஸ் மாதிரி ஆயிடும்னு சொல்லுவாரு. அதே பை நாக்பூர் ரூட்ல கொடுக்கிற குளிர்ச்சி கொச்சி ரூட்ல கொடுக்காதாம், டிரைவருங்க எல்லாருக்கும் இது தெரியுமாம், காரணம் மட்டும் ஆளுக்கு ஒண்ணு சொல்லுவாங்களாம். நாக்பூர் பக்கம் வீட்டுக்கு வீடு ஜன்னல்ல பெரிய ஏர் கூலர் வச்சிருப்பாங்க, அதையே சென்னைல வாங்கி வச்சா ரூம் பூரா ஈரமாகி பாய் தலகாணி எல்லாம் பிசுபிசுன்னு ஆகுதே தவிர குளிராது. பானையும் கூலரும் ஒரே ஜாதி.

மானாமதுரை_மண்

மீனாக்கா, எங்க வீட்ல தலைமுறையா சட்டி பானை வேலதான், அதனால பானை பக்கத்துலேர்ந்து நானும் கொஞ்சம் சொல்றேன். காத்துதான் முக்கிய காரணம்ங்கறதுல எனக்கு சந்தேகம் இல்ல, ஆனா பழைய பானைல இன்னொண்ணும் நடக்கும். வெளிப்பக்கம் வெள்ளையா சுண்ணாம்பு பூத்த மாதிரி திட்டு திட்டா இருக்கான்னு பாருங்க. தண்ணி ஆவியாப் போயிடும், அதுல இருக்கிற உப்பு எங்க போகும், பானை மேலயும் துளைக்குள்ளயுமே தங்கிடும். போர் தண்ணி ஊத்தற வீட்ல ஒரு கோடைக்குள்ளயே துளை அடைபட ஆரம்பிச்சிரும். தேங்கா நார் வச்சு வெறும் தண்ணில வெளிய உள்ள ரெண்டு பக்கமும் அழுத்தித் தேச்சு, நல்ல வெயில்ல ரெண்டு மூணு நாள் முழுசா காய வைங்க, திரும்ப உப்பு பூக்கும், திரும்பத் தேச்சு விடுங்க. சோப்பு, விம் எதுவும் கிட்டயே கொண்டு போகாதீங்க, மண்ணு அத உறிஞ்சிக்கும், அப்புறம் தண்ணில அந்த வாடை போகவே போகாது.

எங்க ஊர் கடம் கேள்விப்பட்டிருப்பீங்க, மானாமதுரை மண்பாண்டத்துக்கு 2023ல புவிசார் குறியீடும் கிடைச்சுது. கடத்த தட்டித் தட்டி கெட்டியா இறுக்கிச் செய்யணும், நாதம் அப்பதான் வரும். தண்ணிப் பானைக்கு அவ்ளோ இறுக்கம் ஆகாது, அது மூச்சு விடணும். அதனால புதுசு வாங்கணும்னு எப்பவாச்சும் தோணுச்சுன்னா பளபளப்பப் பாத்து வாங்காதீங்க. கடைல வெளிப்பக்கத்துல ரெண்டு சொட்டு தண்ணி தெளிச்சுப் பாருங்க, சட்டுனு உறிஞ்சி அந்த எடம் கருத்துப் போனா நல்ல தண்ணிப் பானை, முத்து மாதிரி உருண்டு ஓடுச்சுன்னா மேல ஏதோ பூசியிருக்காங்க. விரல மடக்கித் தட்டினா கணீர்னு கேக்கணும், மொத்தையா கேட்டா எங்கயோ விரிசல்.

ஆனா இப்ப வாங்காதீங்கக்கா. அம்மா மடில வச்சு கொண்டு வந்த பானை அது. கழுவிக் காய வச்சுப் பாருங்க மொதல்ல.

கரூர்_மீனா

இவ்ளோ பொறுமையா எழுதினதுக்கு எல்லாருக்கும் நன்றிங்க. வாத்தியார் எழுதினத அப்படியே அம்மாவுக்குப் படிச்சுக் காட்டினேன், கரூர்ல பானை அடில போட்ட மணல் கூட சீக்கிரம் காஞ்சிரும் அதனால தினமும் தண்ணி தெளிப்பேன் இங்க காயவே மாட்டேங்குதுன்னு அவங்களே சொல்றாங்க. வெள்ளைத் திட்டு இருக்கு, கழுத்துக்குக் கீழ நெறைய. நாளைக்கே தேச்சு மாடில வைக்கிறேன். இன்னும் ரெண்டு கேள்வி. பானை இப்ப சமையக்கட்டுல ஃப்ரிட்ஜுக்கும் சுவத்துக்கும் நடுவுல இருக்கு, வேற எடமே இல்ல. ராத்திரி ஏசி போடற ரூம்ல வச்சா பிரயோஜனம் உண்டா? அப்புறம் ஈரத்துணி சுத்தி வைக்கலாமா?

இயற்பியல்_வாத்தியார்

ஐயோ அந்த எடத்த விட்டு உடனே எடுங்க. ஃப்ரிட்ஜ் உள்ள இருக்கிற சூட்டப் பின்பக்கமோ பக்கவாட்டுலயோதான் வெளிய தள்ளுது, நீங்க பானைய சரியா அந்த அனல்ல வச்சிருக்கீங்க, போதாக்குறைக்கு காத்தோட்டமும் இல்ல, பக்கத்துல அடுப்பு, குக்கர் ஆவி வேற. பானைக்கு வேண்டியது நிழலும் ஓடற காத்தும். ஜன்னலோரம் வெயில் படாத எடம், இல்லன்னா ஹால்ல ஃபேன் காத்து படற மூலை. ஒரு ஸ்டூல் மேலயோ இரும்பு ஸ்டாண்ட்லயோ வச்சா அடிப்பக்கமும் காத்து படும், அதுவும் ஒரு ஆவியாகற பரப்புதான், தரைல ஒட்டி வச்சு அத வீணாக்க வேணாம்.

ஏசி ரூம் நல்ல யோசனை. ஏசி காத்துல இருக்கிற ஈரத்த எடுத்து வெளிய சொட்ட விடுது இல்லயா, அதனால உள்ள காத்து வறண்டுடும். 27 டிகிரி, 50 சதவீதம்னு இருந்தா வெட் பல்ப் 20 கிட்ட வரும், பானை தாராளமா வேலை செய்யும். இதுக்காகவே ஏசி போடாதீங்க, அம்மா தூங்கறதுக்கு எப்படியும் போடறீங்கன்னா அவங்க ரூம்லயே ஒரு ஓரமா வச்சிருங்க, காலைல வித்தியாசம் தெரியும்.

துணி விஷயம். நல்லா கசியற பானைக்குத் துணி தேவையில்ல, துளை அடைபட்ட பானைக்குத்தான் அது உதவி. மெல்லிசான பருத்தித் துணியா இருக்கணும், ஃபேன் காத்தும் படணும். காத்தே இல்லாத எடத்துல தடிச்ச டவல சுத்தி வச்சா ஈரம் அப்படியே தங்கி நாத்தம்தான் வரும்.

நர்ஸ்_அக்கா_தஞ்சை

குளிர்ச்சி பத்தி எல்லாரும் நல்லா சொல்லிட்டீங்க, யாரும் கொசுவப் பத்தி பேசல, அதுக்காகவே வந்தேன். டெங்கு பரப்புற ஏடிஸ் கொசு வீட்டுக்குள்ள இருக்கிற சுத்தமான தண்ணிலதான் முட்டை வைக்கும், பானை, டிரம், ஃப்ரிட்ஜ் பின்னாடி இருக்கிற தட்டு இதெல்லாம் அதுக்கு ரொம்ப வசதி. முட்டை தண்ணிக்கு மேல சுவத்துல ஒட்டிக்கிட்டு காஞ்சாலும் மாசக்கணக்குல உசுரோட இருக்கும், அதனால பழைய தண்ணிய ஊத்திட்டு புதுசு நிரப்பினா மட்டும் போதாது மீனா. வாரத்துக்கு ஒரு தடவையாவது உள்பக்கத்த, முக்கியமா கழுத்துக்கிட்ட, நார் வச்சு தேச்சுக் கழுவணும், முட்டைலேர்ந்து கொசுவாகப் பறக்க ஒரு வாரம் பத்து நாள்தான் ஆகும். மூடி இடைவெளி இல்லாம உக்காரணும், மூடி ஆடுச்சுன்னா சுத்தமான வெள்ளத்துணி ஒண்ண வாய்ல கட்டி அதுக்கு மேல மூடிய வைங்க. மணல் தட்டு வச்சா மணல் ஈரமா இருக்கலாம், தண்ணி தேங்கி நிக்கக் கூடாது. கையவோ வாய் வச்ச சொம்பையோ உள்ள விடாம நீளக் கரண்டி போட்டு மொண்டு ஊத்துங்க, வயசானவங்க இருக்கிற வீடு. மெட்ரோ தண்ணியக் காய்ச்சி நல்லா ஆற வச்சே ஊத்துங்க, சூடா ஊத்தினா பானை குளிர வைக்க வேண்டிய வேலை கூடிடும்.