தணிப்பு மருத்துவக் கையேடு: குறிப்புத் தாளின் நான்காவது கட்டத்துக்கு என்ன பெயர்?

ம.கி. (திருச்சி):
அனைவருக்கும் வணக்கம். தணிப்பு மருத்துவத்துக்காக, அதாவது நோயைக் குணப்படுத்த அல்ல, வலியையும் துன்பத்தையும் குறைக்க, வீடு தேடிப் போய்ப் புற்றுநோயாளிகளைப் பார்க்கும் செவிலியர்களுக்கான கையேட்டைத் தமிழாக்குகிறேன். வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போக வேண்டும். செவிலியர் நிரப்பும் குறிப்புத் தாளில் நான்கு கட்டங்கள்: உடல், மனம், குடும்பம், நான்காவதாக ‘ஸ்பிரிச்சுவல் கேர்’. 1967-ல் லண்டனில் செயின்ட் கிறிஸ்டோஃபர் ஹாஸ்பிஸை (இறுதிக்கால நோயாளிகளுக்கான இல்லம்) தொடங்கிய சிசிலி சாண்டர்ஸின் ‘முழு வலி’ என்ற கருத்திலிருந்து, அதாவது வலி உடலில் மட்டும் இல்லை என்ற கருத்திலிருந்து, வந்த பகுப்பு இது. பழைய பதிப்பில் ‘ஆன்மிகப் பராமரிப்பு’ என்று இருக்கிறது. அந்தக் கட்டத்தில் ‘இந்து’, ‘ஆர்.சி.’ என்று எழுதிவிட்டு அடுத்த வீட்டுக்குப் போய்விடுகிறார்கள். வேறு சொல் தாருங்கள்.

புலவர் க.வே.:
ஆன்மா வடசொல். உயிர் நம்முடையது. விருந்தோம்பல் போல ‘உயிரோம்பல்’. ‘மன்னுயிர் ஓம்பி’ என்று குறளே சொல்கிறது. இதற்குமேல் என்ன வேண்டும்?

செ. (செவிலியர், தேனி):
ஐயா, ‘இனிமேல் ஒன்றும் செய்ய முடியாது’ என்று பெரியாஸ்பத்திரியில் சொல்லி அனுப்பிய வீட்டுக்குத்தான் நாங்கள் போகிறோம். அங்கே உயிரோம்பல் என்றால், உயிரைக் காப்பாற்ற வந்திருக்கிறோம் என்று நினைத்துவிடுவார்கள். வாய்ப்புற்றுநோய்க்காரர் ஒருவர், மார்ஃபின் கொடுத்து வலி அடங்கிய பிறகு கேட்டார்: ‘நான் யாருக்கு என்ன கெடுதல் செய்தேன்?’ ஆயுசுக்கும் கறுப்புச் சட்டை போட்டவர், கோயில் வாசலை மிதிக்காதவர். தாளில் ‘ஆன்மிகம்’ என்று பார்த்தால் பேச்சையே நிறுத்திவிடுவார். அவர் கேட்டதை எழுத எனக்கு ஒரு கட்டம் வேண்டும்.

த.சி. (யாழ்ப்பாணம்):
கவுன்சலிங்குக்கு நாங்கள் ‘உளவளத்துணை’ என்று பாவிக்கிறோம். அந்த வழியில் ‘அகத்துணை’ எனலாம். துணை என்ற சொல் குணப்படுத்துவதாக வாக்குக் கொடுப்பதில்லை. பெயரால் வரும் கேட்டுக்கு நல்ல சான்று, நோயாளிக்குப் பாதிரியார் எண்ணெய் பூசி மன்றாடும் கத்தோலிக்கச் சடங்கான ‘அவஸ்தைப்பூசுதல்’. பாதிரியார் வந்தாலே சாவு என்று பயந்து கடைசி மூச்சுவரை கூப்பிடாமல் இருப்பார்கள். இப்போது அதை ‘நோயிற்பூசுதல்’ என்கிறார்கள்.

புலவர் க.வே.:
அகம் என்றால் அகத்திணை. ஓர் எழுத்து பிசகினால் பொருளே மாறிவிடும். சரி, ஓம்பல் வேண்டாமென்றால் ‘ஆற்றுகை’. பசியாற்றல், துயராற்றல், வழிகாட்டும் ஆற்றுப்படை என எல்லாமே அதற்குள் அடக்கம்.

த.சி.:
ஐயா, இங்கே ஆற்றுகை என்றால் மேடையில் நாடகம் நிகழ்த்துவது.

இரா. (பெங்களூரு):
அந்தப் பணியைச் செய்பவருக்கும் சேர்த்தே பெயர் தேடலாம். மருத்துவமனையில் நோயாளிகளுக்கு ஆன்மிகத் துணையாக இருப்பவரை ஆங்கிலத்தில் ‘சாப்ளின்’ என்பார்கள்; அந்தச் சொல்லின் வேர் மேலாடை. குளிரில் கிடந்த பிச்சைக்காரனுக்குத் தன் மேலாடையை வெட்டிப் பாதி கொடுத்தவர் தூய மார்ட்டின். மிச்சப் பாதியைக் காத்த குருக்களிடமிருந்து வந்தது அந்தப் பெயர். நம்மிடம் மயிலுக்குப் போர்வை தந்த பேகன் இருக்கிறான். ஆகவே ‘போர்வையாளர்’!

ம.கி.:
இரா., கதை அருமைதான். ஆனால் போர்வையாளர் வந்திருக்கிறார் என்றால் கம்பளி விற்பவர் என்றுதான் கதவைத் திறப்பார்கள்.

புலவர் க.வே.:
மருந்து அதிகாரத்தின் கடைசிக் குறளைப் பாருங்கள். உற்றவன், தீர்ப்பான், மருந்து, உழைச்செல்வான். உழை என்றால் பக்கம். அருகிலிருந்து பார்த்துக்கொள்பவரை மருத்துவத்தின் நாலில் ஒரு பங்காக வைத்திருக்கிறார் வள்ளுவர். ‘உழையிருப்பு’ என்று வையுங்கள். சாமி கும்பிடுகிறவருக்கும் கறுப்புச் சட்டைக்காரருக்கும் இது பொருந்தும்.

செ.:
ஐயா, பொருள் எனக்கு மிகவும் பிடித்திருக்கிறது. ஆனால் பயிற்சிக்கு வரும் பிள்ளைகள் ‘உழை’ என்பதை வேலை செய் என்றுதான் படிப்பார்கள். எனக்கு அகத்துணை போதும். மதத்துக்குத் தனிக் கட்டம் போட்டுவிடுங்கள். குர்ஆனின் யாசீன் அத்தியாயம் ஓத ஆள் வேண்டும், சிவபுராணம் படிக்க வேண்டும் என்று கேட்பவர்களும் இருக்கிறார்கள், அதுவும் தவறக் கூடாது.

ம.கி.:
இருவர் அகத்துணை என்கிறார்கள், அதையே போடுகிறேன். அதன் கீழே, ‘நோயாளி கேட்ட கேள்வியை அவர் சொன்னபடியே எழுதவும்’ என்று ஒரு வரி வரும். மதம் தனிக் கட்டம். அனைவருக்கும் நன்றி.

புலவர் க.வே.:
என் மறுப்பைப் பதிவு செய்துகொள்ளுங்கள். புரியாத சொல்லைப் பயிற்சியில் கற்றுக்கொடுக்கலாம். மார்ஃபின் அளவைக் கற்றுக்கொள்ளும் பிள்ளைகளுக்கு உழை என்ற ஒரு சொல்லா பாரம்? அடுத்த பதிப்புக்கு மறுபடியும் எழுதுவேன்.