பிரிட்டனுக்குப் புதிதாக வந்தவர்களுக்கு: கையை வெட்டிக்கொண்டால் தையல் இல்லாமல் ஒட்டலாமா?

ஊரில் விரலை வெட்டிக்கொண்டால் தெருமுனை கிளினிக்கில் ஒரு டிடி ஊசி, தேவைப்பட்டால் இரண்டு தையல், அரை மணியில் வீடு. இங்கே அப்படி நடக்காது. உங்கள் ஜிபி (குடும்ப டாக்டர்) பெரும்பாலும் தையல் போடுவதில்லை. ஏ அண்ட் ஈ-க்கு, அதாவது ஆஸ்பத்திரி அவசரப் பிரிவுக்குப் போனால் நெஞ்சுவலிக்காரர் முதலில், நீங்கள் கடைசியில். பல மணி நேரம் காத்திருந்த பிறகு நர்ஸ் காயத்தின் ஓரங்களைச் சேர்த்துப் பிடிக்கும் மெல்லிய ஒட்டுப்பட்டை நாலை ஒட்டி அனுப்பிவிடுவதும் உண்டு. அதே பட்டை மருந்துக்கடையில் கிடைக்கிறது. ஒட்டுவது ஒன்றும் பெரிய வித்தை இல்லை. எந்தக் காயத்தை ஒட்டக்கூடாது என்பதைத்தான் தெரிந்து வைத்திருக்க வேண்டும்.

பூட்ஸ், சூப்பர்ட்ரக் மாதிரி கடைகளில் ஸ்டெரி-ஸ்ட்ரிப் என்று கேளுங்கள். அது ஒரு பிராண்ட். வேறு கம்பெனிப் பட்டையும் அதே வேலையைத்தான் செய்யும். விரலுக்கு 3 மில்லிமீட்டர் அகலம் போதும், கை காலுக்கு 6 மில்லிமீட்டர். ரெடிமேட் முதலுதவிப் பெட்டியில் பிளாஸ்திரியும் பேண்டேஜும் நிறைய இருக்கும், இது பல நேரம் இருக்காது. தனியாக வாங்கிப் போட்டுவிடுங்கள். கூடவே காயத்தில் ஒட்டாத வகை காஸ் துணி கொஞ்சம்.

வெட்டியதும் சுத்தமான துணியை வைத்து 10 நிமிடம் விடாமல் அழுத்துங்கள். நின்றுவிட்டதா என்று நடுநடுவே தூக்கிப் பார்க்காதீர்கள், உறைய ஆரம்பித்த ரத்தம் மறுபடி கிளம்பிவிடும். கையை நெஞ்சுக்கு மேலே தூக்கி வைப்பதும் உதவும். நின்ற பிறகு ஓடும் குழாய்த் தண்ணீரில் நன்றாகக் கழுவுங்கள். இங்கே குழாயில் வருவது குடிக்கிற தண்ணீர்தான், காயத்துக்கு அது போதும். டெட்டாலை அப்படியே ஊற்றுவது, ஸ்பிரிட் விடுவது எல்லாம் வேண்டாம். கிருமியோடு நல்ல தசையும் சேர்ந்து புண்ணாகும். மஞ்சள் தூள், காபித் தூள் அப்புவதும் வேண்டாம். அப்பிக்கொண்டு போனால் அதைக் கழுவி எடுப்பதே நர்ஸுக்குத் தனி வேலை, உங்களுக்குத் தனி வலி.

இப்போது காயத்தை நல்ல வெளிச்சத்தில் பாருங்கள். நேரான, ஆழமில்லாத வெட்டு, இரண்டு ஓரமும் லேசாகத் தொட்டாலே சேருகிறது என்றால் நீங்களே ஒட்டலாம். கீழே சொல்வதில் ஒன்று இருந்தாலும் ஒட்டாதீர்கள்:

- 10 நிமிடம் அழுத்தியும் ரத்தம் நிற்கவில்லை
- காயம் வாய் பிளந்து உள்ளே மஞ்சள் கொழுப்போ வெள்ளை நரம்போ தெரிகிறது
- விரலை மடக்கவோ நீட்டவோ முடியவில்லை, நுனி மரத்துப்போயிருக்கிறது
- கண்ணாடித் துண்டு உள்ளே இருக்கலாம் என்று சந்தேகம்
- நாயோ பூனையோ மனிதரோ கடித்தது, ஆணி குத்தியது, மண் ஏறிய காயம்
- முகம், உள்ளங்கை

ரத்தம் பீய்ச்சி அடித்தால் யோசிக்காமல் 999 (ஆம்புலன்ஸ்). அழுத்தியும் ரத்தம் நிற்காவிட்டாலோ, விரல் அசையாமலோ மரத்தோ போயிருந்தாலோ ஏ அண்ட் ஈ. மற்றதற்கு, பக்கத்தில் உள்ள அர்ஜென்ட் ட்ரீட்மென்ட் சென்டர் அல்லது மைனர் இஞ்சுரீஸ் யூனிட் (உயிருக்கு ஆபத்தில்லாத காயங்களைப் பார்க்கும் இடங்கள்). எங்கே என்று தெரியாவிட்டால் இங்கிலாந்து, ஸ்காட்லாந்து, வேல்ஸில் 111 என்ற மருத்துவ ஆலோசனை எண்ணை அழைக்கலாம். இலவசம், 24 மணி நேரமும் உண்டு. அன்றே போய்விடுங்கள், தையல் போட வேண்டிய காயத்தை மறுநாளுக்குத் தள்ளினால் மூடுவதே சிக்கலாகும்.

ஒட்டும் விதம். சுற்றியுள்ள தோல் காய்ந்திருக்க வேண்டும். ஈரமோ எண்ணெயோ களிம்போ இருந்தால் பட்டை நிற்காது. பலர் முதலில் ஆன்டிசெப்டிக் க்ரீமைத் தடவிவிட்டு, பட்டை மட்டம் என்று கடையைத் திட்டுவார்கள். காயத்தின் நடுவில் ஆரம்பியுங்கள். பட்டையின் பாதியை ஒரு பக்கத்தில் ஒட்டி, விரலால் இரண்டு ஓரத்தையும் சேர்த்துப் பிடித்து, மறுபாதியை அந்தப் பக்கம் ஒட்டுங்கள். ஓரங்கள் தொட்டால் போதும், ஒன்றன்மேல் ஒன்று ஏறக்கூடாது. இழுத்துக் கட்டுவது மாதிரி ஒட்டினால் தோலில் கொப்புளம் வரும். அப்புறம் இருபுறமும் சுமார் 3 மில்லிமீட்டர் இடைவெளி விட்டு மற்றவை. கடைசியில் பட்டைகளின் நுனிகளுக்கு மேலே, காயத்துக்கு இணையாக, பக்கத்துக்கு ஒன்று ஒட்டினால் நுனி கிளம்பாது. விரலைச் சுற்றி வளையமாக மட்டும் ஒட்டாதீர்கள். விரல் வீங்கினால் அதுவே இறுக்கிவிடும். முட்டி மடங்கும் இடத்திலும் முடி அடர்ந்த இடத்திலும் இது சரிப்படாது.

5 நாள் நனையாமல் பார்த்துக்கொள்ளுங்கள். பாத்திரம் தேய்ப்பதை ரூம்மேட் தலையில் கட்ட இதைவிட நல்ல காரணம் கிடைக்காது. கழற்றும்போது இரண்டு நுனியிலிருந்தும் காயத்தை நோக்கி உரியுங்கள். ஒரே பக்கமாக இழுத்தால் ஒட்டிய காயம் பிரியும். இதற்கிடையில் காயத்தைச் சுற்றிச் சிவப்பு பரவினாலோ, வீக்கம், சீழ், காய்ச்சல் வந்தாலோ காட்டியாக வேண்டும்.

ஊசி விஷயம். ஊரில் ஒவ்வொரு கீறலுக்கும் டிடி போட்டுப் பழகியவர்களுக்கு இங்கே 'வேண்டாம்' என்றால் சந்தேகம் வரும். அடிப்படை டோஸ்களை முடித்து, கடைசி டோஸ் 10 வருடத்துக்குள் என்றால் இங்கே மறுபடி போடுவதில்லை. பழைய தடுப்பூசி அட்டையை அம்மாவிடம் போட்டோ எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். எப்போது போட்டது என்று தெரியாமல் முழிப்பதுதான் பிரச்சினை.

"அண்ணா, சூப்பர் க்ளூ போட்டு ஒட்டலாம் என்கிறான் ஹவுஸ்மேட். நிஜமா?"

வேண்டாம் தம்பி. ஆஸ்பத்திரியில் தோலை ஒட்டும் பசையும் சூப்பர் க்ளூவும் ஒரே சயனோஅக்ரிலேட் குடும்பம்தான், அதனால்தான் இந்தப் பேச்சு ஓடுகிறது. ஆனால் மருத்துவப் பசை தோலுக்கென்று செய்த வேறு வகை, கிருமி நீக்கியது. டிராயரில் கிடப்பது காயும்போது சூடாகும், தோலை எரிக்கும். காயத்துக்குள் போனால் இன்னும் மோசம்.

"அம்மா விசிட்டர் விசாவில் வந்திருக்காங்க, ரத்தம் உறையாம இருக்க மாத்திரை சாப்பிடுறாங்க. கத்தி பட்டா என்ன செய்றது?"

அழுத்துவதுதான், ஆனால் நிற்க அதிக நேரம் ஆகும். நிற்கவில்லை என்றால் உடனே கூட்டிப் போங்கள், மாத்திரைப் பெயரைச் சொல்லுங்கள். வயதானவர்களின் தோல் மெல்லியது, பட்டையோடு உரிந்து வரலாம். சந்தேகமாக இருந்தால் ஒட்டாமல் காட்டுவதே மேல். செலவைப் பார்த்துத் தயங்க வேண்டாம். ஏ அண்ட் ஈ-யில் பார்ப்பது விசிட்டருக்கும் இலவசம். அட்மிட் ஆனாலோ பிறகு வரச்சொல்லி ஆஸ்பத்திரியில் பார்த்தாலோ பில் வரும், அதுவும் என்.எச்.எஸ். (இங்குள்ள அரசு மருத்துவ சேவை) கட்டணத்தில் 150 சதவீதம் வரை. அதனால் டிக்கெட் போடும்போதே பயணக் காப்பீடும் எடுத்துவிடுங்கள், அவர்களுக்கு இருக்கும் நோய்களை மறைக்காமல் சொல்லி. 111-ல் ஆங்கிலம் பேசச் சிரமம் என்றால் மொழிபெயர்ப்பாளர் கேட்கலாம் என்று அவர்களிடம் சொல்லிவையுங்கள். நீங்கள் வேலைக்குப் போன நேரத்திலும் கை வெட்டலாம் இல்லையா.