ஆதிக்கக் கை வேண்டாம்: வினைக்கை, நிலைக்கை

அனைவருக்கும் வணக்கம்.

நாம் அதிகம் பயன்படுத்தும் கையை ஆங்கிலத்தில் dominant hand என்றும் மற்றதை non-dominant hand என்றும் சொல்கிறார்கள். இவற்றுக்குத் தமிழில் "ஆதிக்கக் கை, ஆதிக்கமற்ற கை" என்ற இணையையே முடிவு செய்துவிடலாம் என்று, கலைச்சொற்களைப் பற்றிய நம் உரையாடலில் பேராசிரியர் ஐயா எழுதியிருக்கிறார். ஐயா மேல் உள்ள மதிப்போடுதான் சொல்கிறேன், இந்த இணை வேண்டாம்.

நான் இயன்முறை மருத்துவர். பக்கவாதம் வந்தவர்களின் கைகளோடுதான் என் நாள் போகிறது. சில ஆண்டுகளுக்கு முன் வீட்டில் செய்யவேண்டிய பயிற்சிகளுக்காக ஒரு துண்டறிக்கை எழுதினேன். "ஆதிக்கமற்ற கை" என்று அதில் நானே போட்டிருந்தேன். இடப்பக்கம் விழுந்துபோன ஒரு பெரியவரின் மனைவி அதை எழுத்துக்கூட்டிப் படித்துவிட்டு, "ஏம்மா, அப்போ இந்தக் கை வராட்டியும் பரவாயில்லைன்னு போட்டிருக்கா?" என்று கேட்டார். எனக்குப் பதில் வரவில்லை. அந்தப் பெரியவருக்குச் சோத்துக்கை நன்றாகவே இருந்தது. ஆனால் வேட்டி கட்ட முடியவில்லை. தேங்காய் உடைக்க முடியவில்லை. சாப்பிடும்போது தட்டு நகர்ந்துகொண்டே போனது. போனது எந்தக் கையோ அந்தக் கையின் வேலை என்ன என்று சொல்ல நம்மிடம் ஒரு சொல் இல்லை. "ஆதிக்கமற்ற" என்பது அந்தக் கையிடம் இல்லாததைத்தான் சொல்கிறது.

தேங்காய் உடைப்பதையே கவனித்துப் பாருங்கள். எல்லார் கண்ணும் அரிவாள் பிடித்த வலக்கையில் இருக்கும். இடக்கையோ காயை உள்ளங்கையில் ஏந்தி, ஒவ்வொரு அடிக்கும் விரல்களால் கொஞ்சம் உருட்டி, அடுத்த அடி சரியாக நடுவரையில் விழுமாறு கொண்டுவந்து கொடுக்கிறது. அடி விழும் நொடியில் மணிக்கட்டு இறுகிக் கொள்கிறது, காய் நழுவுவதில்லை. கைகளை மாற்றிக்கொண்டு உடைத்துப் பார்க்கச் சொன்னால் அரிவாள் தடுமாறும் என்று எல்லாரும் எதிர்பார்ப்பார்கள். காயைப் பிடித்த வலக்கையும் தடுமாறும்.

ஆய்வுகளும் இதைத்தான் சொல்கின்றன. பிரெஞ்சு ஆய்வாளர் ஈவ் கியார் 1987-இல் இருகை வேலைகளைப் பற்றி எழுதிய கட்டுரை இத்துறையில் எல்லாரும் திரும்பிப்போகும் இடம். வலக்கைக்காரர் எழுதும்போது தாளுக்கு அடியில் கார்பன் தாளை வைத்துப் பார்த்தார். மேல்தாளில் வரிகள் பக்கம் முழுக்கப் பரவியிருந்தன. அடியில் மேசைமேல் ஒட்டியிருந்த தாளிலோ அதே எழுத்துகள் ஒரு சின்ன இடத்துக்குள் ஒன்றன்மேல் ஒன்றாக விழுந்திருந்தன. எழுதும் கை அதிகம் நகரவே இல்லை, இடக்கைதான் தாளை நகர்த்திக் கொடுத்திருக்கிறது. முதலில் இடக்கை களத்தை அமைக்கிறது, அதற்குள் வலக்கை நுட்பமாக வேலை செய்கிறது.

அப்புறம் அமெரிக்காவின் ராபர்ட் செயின்பர்க் 2002-இல் முன்வைத்த கருதுகோள். முழங்கையை வேகமாக நீட்டினால் அந்த உதறல் தோளையும் இழுக்கும். அந்த இழுப்பை முன்கூட்டியே கணக்கிட்டு, நேர்கோட்டில் வழுவாமல் போவதில் வலக்கைக்காரரின் வலக்கை தேர்ந்தது. இடக்கையின் பாதை கொஞ்சம் வளைகிறது. ஆனால் போய்ச் சேர்ந்த இடத்தில் நிற்பது, எதிர்பாராமல் ஏதாவது தள்ளினாலும் நிலைகுலையாமல் இருப்பது என்று வரும்போது இடக்கை வலக்கைக்குச் சளைத்ததில்லை, பல நேரம் மிஞ்சவும் செய்கிறது. மூளையின் இடப்பாதி போகும் வழியைத் திட்டமிடுவதிலும் வலப்பாதி நிலையை உறுதிப்படுத்துவதிலும் தேர்ந்தவை என்பது அவர் கொள்கை.

இரண்டு பாதியும் இரண்டு கைக்கும் உதவுகின்றன என்பதையும் மறக்கக் கூடாது. மூளையின் அடிப்பகுதியான முகுளத்தில் பெரும்பாலான நரம்பிழைகள் பக்கம் மாறிப்போவதால் இடமூளை வலக்கையை ஆள்கிறது என்று பள்ளியில் படித்தோம். ஆனால் 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே ஜெர்மானிய மருத்துவர் ஹூகோ லீப்மன் ஒன்றைக் கவனித்தார். இடமூளை பழுதாகி வலக்கை செயலிழந்தவர்கள் பலரால், பலம் குறையாத இடக்கையாலும் டாட்டா காட்டுவது, சல்யூட் அடிப்பது போன்ற சைகைகளைச் செய்ய முடியவில்லை. ஆகவே யார் யாரை ஆள்கிறார்கள் என்ற கேள்வியே இங்கே பொருந்தாது. ஒரே வேலையை இருவர் பங்கிட்டுக்கொள்கிறார்கள்.

சரி, சொல்லுக்கு வருவோம். முதலில் எனக்குத் தோன்றியது "இயக்குகை, தாங்குகை". ஒரு தோழி உடனே மறுத்தார், அவர் மறுத்தது நியாயம்தான். செய்கை, வருகை, உடுக்கை வரிசையில் "தாங்குகை" என்றால் தாங்குதல் என்றுதான் படிப்போம், கை காணாமல் போய்விடும். வினையடியோடு கையைச் சேர்த்தால் தமிழில் இந்தச் சிக்கல் வந்தே தீரும். ஆகவே பெயர்ச்சொல்லோடு சேர்க்கவேண்டும். "தொழிற்கை" நல்ல சொல். ஆனால் சிலப்பதிகாரத்திலேயே எழிற்கையும் தொழிற்கையும் ஆடற்கைகளாக வருகின்றன, நாட்டியக்காரர்களின் சொல்லைப் பிடுங்கவேண்டாம்.

என் முன்மொழிவு: வினைக்கை, நிலைக்கை. வினையாற்றுவது ஒன்று, நிலைநிறுத்துவது ஒன்று. இரண்டும் நேர்மறைச் சொற்கள், ஒன்றில்லாமல் மற்றொன்றுக்குப் பொருள் நிறையாது. இடக்கைக்காரருக்கு இடக்கையே வினைக்கை என்று சொல்லிவிடலாம், அங்கேயும் தடங்கல் இல்லை. பீச்சாங்கை என்ற இழிவும் ஒட்டாது. இன்னொன்றும் எனக்குப் பிடித்திருக்கிறது. தமிழில் "இடம்" என்றால் இடப்பக்கமும்தான், நிற்கும் இடமும்தான். வேர் ஒன்றா என்று நான் வாதிட வரவில்லை. ஆனால் இடத்தைக் காக்கிற கைக்கு இடக்கை என்று பெயர் அமைந்திருப்பது ஒவ்வொரு முறையும் எனக்கு மகிழ்ச்சி தருகிறது.

ஒருவர் வலக்கைக்காரரா இடக்கைக்காரரா என்பதைக் குறிக்கும் கைப்பழக்கம் (handedness) என்பதற்குப் பதில் கைவாகு என்று வைக்கலாம். எந்தக் கை என்பது பழகி வருவது மட்டும் இல்லை. கருவிலேயே பெரும்பாலான சிசுக்கள் வலப் பெருவிரலைச் சப்புவதை ஸ்கேனில் பார்த்திருக்கிறார்கள். "இந்தப் பக்கம்தான் எனக்கு வாகு" என்று ஊரில் சொல்கிறோமே, அந்த வாகுதான்.

மூளையின் பணிகள் இடம், வலம் என்று பிரிந்து அமைவதை ஆங்கிலத்தில் lateralization என்கிறார்கள். அதற்குப் பக்கவாட்டாக்கம் என்ற முன்மொழிவை நான் கடுமையாகவே மறுக்கிறேன். பக்கவாதக்காரர் வீட்டில் அந்தச் சொல்லைச் சொல்லிப் பாருங்கள், நோயின் பெயர் என்றே காதில் விழும். பக்கச்சார்பு என்று வைக்கலாம் என்றாலோ, அதற்கு நடுநிலை தவறியது என்று பொருள் வந்துவிட்டது, இலங்கை நண்பர்கள் தினமும் அப்படித்தான் எழுதுகிறார்கள். "பக்கப்பகிர்வு" என்போமா? மூளையின் பணிகள் இரு பக்கத்துக்கும் பகிரப்படுவது. சமச்சீரின்மை (asymmetry) என்ற சொல்லை இரு பக்கங்களின் உருவ வேறுபாட்டுக்கு வைத்துக்கொள்ளலாம். 1968-இல் கெஷ்விண்டும் லெவிட்ஸ்கியும் 100 மூளைகளை அளந்து, 65-இல் பொட்டுமடலின் (காதருகே உள்ள மூளைப்பகுதி) ஒரு பகுதி இடப்பக்கம் பெரிதாக இருப்பதைக் கண்டார்களே, அது சமச்சீரின்மை. மொழி பெரும்பாலும் இடப்பாதியில் அமைவது பக்கப்பகிர்வு. இரண்டுக்கும் ஒரே சொல்லைப் போட்டால் உருவம் பெரிதானால் பணியும் அங்கேதான் என்று மாணவர்கள் எடுத்துக்கொள்வார்கள். அது எப்போதும் அப்படி இருப்பதில்லை.

துண்டறிக்கையை இந்த மாதம் மறுபடி அச்சிடப் போகிறோம். முதல் வரியை இப்படி எழுதி வைத்திருக்கிறேன்: "நிலைக்கையைத் தட்டின் ஓரத்தில் வையுங்கள். தட்டு நகராமல் பிடித்துக்கொள்ளுங்கள். அப்புறம் வினைக்கையால் சோற்றைப் பிசையுங்கள்." வீட்டில் வயதானவர்கள் யாரிடமாவது படித்துக்காட்டி, எந்தக் கை என்று அவர்களுக்கு விளக்கம் இல்லாமலே புரிகிறதா என்று சொல்லுங்கள். புரியவில்லை என்றால் அச்சுக்குப் போகுமுன் மாற்றிவிடுகிறேன்.

அன்புடன்.