பள்ளி திறக்க இரண்டு வாரம்தான்: பாடக்குறிப்பையும் அலமாரியையும் எப்படி ஒழுங்கு செய்கிறீர்கள்?

மூணாவது பெஞ்ச்:
நான்காம் வகுப்பு எடுக்கிறேன், எனக்கு இது மூன்றாவது வருடம். போன இரண்டு வருடமும் ஒரே கதைதான். முதல் மாதம் பாடக்குறிப்பு நோட்டு முத்து முத்தாக இருக்கும், தலைப்புக்குச் சிவப்பு மை, அடிக்கோட்டுக்குப் பச்சை. இரண்டாம் மாதம் எதிர்பாராத விடுமுறை ஒன்று, விழா ஒத்திகை ஒன்று என்று வந்து எல்லாம் நான்கு நாள் தள்ளிப்போகும், அதோடு நோட்டுக்கும் வகுப்புக்கும் சம்பந்தமே இருக்காது. அலமாரியைப் பற்றிக் கேட்கவே வேண்டாம். பின்னம் பாடத்துக்காக அட்டையில் வட்டம் வட்டமாக வெட்டி வைத்திருந்தேன், பாடம் நடத்தும்போது காணோம், பாடம் முடிந்து ஒரு மாதம் கழித்துச் சார்ட்டுகளுக்கு நடுவிலிருந்து விழுகிறது. இந்த வருடமாவது உருப்படியாகச் செய்யலாம் என்று பார்க்கிறேன். வாரவாரியாகத் திட்டமிடுவதா, அலகுவாரியாகவா? பொருள்களை எப்படிப் பிரித்து வைக்கிறீர்கள்?

கரும்பலகை:
நோட்டைத் திறக்கும் முன் நாள்காட்டியை எடுங்கள். விடுமுறை, தேர்வு, விழா, விளையாட்டு நாள் எல்லாவற்றையும் அடித்துவிட்டு மீதி எத்தனை பாடவேளை உண்மையில் கையில் இருக்கிறது என்று எண்ணுங்கள். எண்ணினால் பலருக்கும் வயிற்றைக் கலக்கும், ஆனால் அந்தக் கலக்கம் இப்போதே வந்துவிடுவது நல்லது. அந்த எண்ணை அலகுகளுக்குப் பங்கு போடும்போது முழுவதையும் போட்டுவிடாதீர்கள், ஓர் அலகுக்கு 10 பாடவேளை கிடைத்தால் 8க்கு மட்டும் திட்டம் போடுங்கள். மீதி 2 எதற்கு என்று கேட்காதீர்கள், அது தானாகவே செலவாகிவிடும்.

வாரமா அலகா என்றால், இரண்டும்தான். வருடம் முழுவதுக்கும் அலகு வாரியாக ஒரே பக்கத்தில் எலும்புக்கூடு, அதில் ஒவ்வோர் அலகுக்கும் எதிரே, முடியும்போது பிள்ளை எதைத் தானாகச் செய்து காட்ட வேண்டும் என்று ஒரு வரி. விரிவான பாடக்குறிப்பு அடுத்த இரண்டு வாரத்துக்கு மட்டும். ஆறு மாதத்துக்கு இப்போதே எழுதி வைப்பது வீண் வேலை, இன்னும் முகமே பார்க்காத பிள்ளைகளுக்கு எப்படி எழுதுவது? அப்புறம், தயவுசெய்து பென்சிலில் எழுதுங்கள். அந்தச் சிவப்பு மையால்தான் உங்களுக்கு மாற்றி எழுத மனசு வரவில்லை என்று நினைக்கிறேன்.

பசைப்புட்டி:
அலமாரிக்கு நான் வருகிறேன். பெரும்பாலானவர்கள் செய்கிற தவறு, எல்லாவற்றையும் வகை வாரியாக அடுக்குவது. சார்ட் ஒரு பக்கம், அட்டை ஒரு பக்கம், படம் ஒரு பக்கம். பார்க்க அழகாக இருக்கும், பாடம் நடத்தும் அன்று நான்கு இடத்தில் தேட வேண்டியிருக்கும். தினமும் கைபடுகிற கத்தரிக்கோல், பசை, வண்ணப் பென்சில் போன்றவை மட்டும் வகை வாரியாக, அதுவும் பிள்ளைகள் கைக்கு எட்டும் உயரத்தில் இருக்கட்டும். ஒரு பாடத்துக்கு மட்டும் பயன்படுவது எதுவானாலும் அந்தப் பாடத்தின் பெயர் போட்ட உறைக்குள் போக வேண்டும், உள்ளே என்னென்ன இருக்கிறது என்று உறையின் மேலேயே ஒரு சீட்டு. உங்கள் பின்ன வட்டங்கள் பின்ன உறையில் இருந்திருந்தால் காணாமல் போயிருக்காது.

வாங்கியதை எல்லாம் முதல் வாரத்திலேயே வெளியே வைக்காதீர்கள். பாதியைப் பூட்டி வைத்து இரண்டாம் பருவத்தில் எடுங்கள். கத்தரிக்கோலுக்கு எண் ஒட்டுங்கள், 1 முதல் 12 வரை ஒட்டியிருந்தால் 7 இல்லை என்று பிள்ளைகளே சொல்வார்கள். வெள்ளைப்பலகை மார்க்கரைக் குவளையில் செங்குத்தாக நிறுத்தாமல் படுக்க வைக்க வேண்டும், முனை மேலே இருக்க நிறுத்தினால் மை கீழே இறங்கி, இருக்கிற மார்க்கரும் வறண்டது போல எழுதும். யாராவது தெரியாமல் அழியாத மார்க்கரால் பலகையில் எழுதிவிட்டால் பதற வேண்டாம், அதன் மேலேயே வெள்ளைப்பலகை மார்க்கரால் தேய்த்து எழுதி உடனே துடைத்தால் பெரும்பாலும் வந்துவிடும்.

மூணாவது பெஞ்ச்:
பென்சில் விஷயம் சுருக்கென்று பட்டது, சரிதான். கணினியில் இருக்கும் பயிற்சித்தாள்களுக்கும் ஏதாவது வழி உண்டா? 'புதியது', 'புதியது 2', 'கடைசி', 'உண்மையான கடைசி' என்றெல்லாம் பெயர் வைத்திருக்கிறேன்.

இரண்டாவது மணி:
ஹா ஹா, என்னிடம் 'கடைசிக்கும் கடைசி' இருக்கிறது. பெயரின் தொடக்கத்தில் பாட எண்ணை இரண்டு இலக்கமாகப் போடுங்கள், 03 பின்னம், 04 அளவை என்று. வெறும் 3, 10 என்று போட்டால் பல இடங்களில் 10 முன்னால் வந்து நிற்கும். தேதி வேண்டுமென்றால் வருடம், மாதம், நாள் என்ற வரிசையில், மாதத்தையும் நாளையும் இரண்டு இலக்கமாகவே எழுதுங்கள், எந்தக் கணினியிலும் தானாகவே கால வரிசையில் நிற்கும்.

நோட்டில் ஒரே ஒரு மாற்றம் செய்யலாம் என்றால் நான் சொல்வது இது: ஒவ்வொரு பாடக்குறிப்புக்கும் கீழே மூன்று வரி காலியாக விட்டு, வகுப்பு முடிந்த சூட்டோடு எழுதுங்கள். 'முழுவதுக்கும் பகுதிக்கும் குழம்பினார்கள், அடுத்த முறை காகிதத்தை மடித்துக் காட்டிவிட்டு எண்ணுக்குப் போகணும்' என்கிற மாதிரி. அடுத்த வருடம் அந்த மூன்று வரிதான் கை கொடுக்கும், மேலே இருப்பதை நானே படிப்பதில்லை.

இன்னொன்று, மீள்பார்வையைத் தேர்வுக்கு முந்தின வாரத்துக்கு ஒத்தி வைக்காமல் திட்டத்திலேயே தூவி விடுங்கள். 1885இலேயே எபிங்ஹாஸ் என்ற ஜெர்மன் உளவியலாளர் தன்னையே சோதித்துப் பார்த்து எழுதினார், படித்ததில் பெரும்பகுதி முதல் ஓரிரு நாளிலேயே மறந்து போகிறது, இடைவெளி விட்டுத் திரும்பப் படித்தால் நிற்கிறது என்று. நான் தினமும் முதல் ஐந்து நிமிடத்தில் மூன்று கேள்வி கேட்கிறேன், நேற்றையது ஒன்று, போன வாரத்தது ஒன்று, போன மாதத்தது ஒன்று. அந்தக் கேள்விகளையும் பாடக்குறிப்பிலேயே எழுதிவிடுவேன், இல்லையென்றால் அவசரத்தில் விட்டுப்போகும்.

கரும்பலகை:
ஒன்று விட்டுப்போச்சு. நீங்கள் திடீரென்று விடுப்பு எடுக்கும் நாளுக்கென்று ஓர் உறை தயாராக இருக்கட்டும்: பிள்ளைகள் பட்டியல், யார் எங்கே உட்காருவார்கள், எந்தப் பாடத்தையும் சாராத இரண்டு நாள் வேலை. காய்ச்சலில் படுத்துக்கொண்டு தொலைபேசியில் பாடம் விளக்கிய அனுபவம் எனக்கு உண்டு.

மூணாவது பெஞ்ச்:
எல்லோருக்கும் நன்றி. இன்று அலமாரி முழுவதையும் தரையில் கொட்டினேன். மார்க்கர் 41, ஒவ்வொன்றாக எழுதிப் பார்த்ததில் எழுதுவது 17. ஒரு டப்பா நிறையப் பசைக்குச்சி இருக்கிறதே என்று சந்தோஷமாகத் திறந்தேன், 23 மூடி மட்டும் இருந்தது.