வாக்கிங் டெட் கதையைச் சுங்கை சிப்புட் தோட்டத்துக்குக் கொண்டுவந்தால் எது நிற்கும், எது விழும்?

பெரட்டுமணி:

வணக்கம். நாங்கள் நாலு பேர் சேர்ந்து 10 பகுதிக் குரல் நாடகம் ஒன்று எழுதுகிறோம். களம் மலேசியாவின் பேரா மாநிலத்தில், சுங்கை சிப்புட்டுக்கு வெளியே ஒரு செம்பனை (எண்ணெய்ப்பனை) தோட்டம். தொழிலாளர் வீட்டு வரிசைகளான பழைய லயங்கள், மாரியம்மன் கோயில், தமிழ்ப்பள்ளி, ஓரத்தில் இன்னும் வெட்டுகிற 2 நிரை ரப்பர் பால்மரம். நடைப்பிணங்கள் எழுந்து 14 மாதம் கழித்துக் கதை தொடங்குகிறது, லயத்தில் 40 பேர் மிச்சம். விதிகளை வாக்கிங் டெட் என்ற அமெரிக்கத் தொலைக்காட்சித் தொடரிலிருந்தே எடுத்துக்கொண்டோம்: எல்லார் உடம்பிலும் அது இருக்கிறது, எப்படிச் செத்தாலும் எழுவார்கள், மூளை சிதைந்தால்தான் அடங்குவார்கள், ஓசைக்கும் வாடைக்கும் வருவார்கள்.

எங்களுக்குள் சண்டை 3 இடத்தில். மனித வாடை தெரியாமலிருக்கப் பிணத்தின் குடலைப் பூசிக்கொண்டு நடைப்பிணக் கூட்டத்துக்குள் நடப்பதை வைக்கலாமா? 14 மாதம் கழித்தும் வண்டியும் துப்பாக்கியும் ஓடுவதாக எழுதலாமா? கடைசியாக, ஜனங்களுக்குப் பிடித்த, தோட்ட வேலையை மேற்பார்க்கும் மண்டோர் பாத்திரத்தை 6ஆம் பகுதியில் சாகடித்ததுபோல் காட்டி, 8இல் திரும்பக் கொண்டுவரலாமா? மூன்றாவதற்கு எங்களுக்குள் 2க்கு 2.

குப்பைத்தொட்டி மறவாதவன்:

மூன்றாவதை இப்போதே கிழித்துப் போடுங்கள்.

தொடரின் முக்கிய ஆட்களில் ஒருவரான க்ளென் விஷயத்தில் நடந்தது இதுதான். 2015 அக்டோபர் 25, சீசன் 6இன் 3ஆம் பகுதி. குப்பைத்தொட்டி மேலிருந்து நிக்கோலஸும் க்ளெனும் கூட்டத்துக்குள் விழுகிறார்கள். கேமரா க்ளென் முகத்தை மட்டும் பார்க்கிறது, கீழே குடல் பிய்கிறது. பெயர் வரிசையிலிருந்து நடிகர் பெயரையும் எடுத்தார்கள். நவம்பர் 22இல் 7ஆம் பகுதியில்தான் தெரிகிறது, பிய்ந்தது மேலே கிடந்த நிக்கோலஸின் உடம்பு, க்ளென் தொட்டிக்கு அடியில் நகர்ந்துவிட்டார். நாலு வாரம்.

அந்த இடத்தில் ஒரு மனிதன் தப்ப முடியுமா என்பதல்ல என் கேள்வி. தப்பலாம், அடியில் இடம் இருந்தது. ஆனால் பார்ப்பவன் கண்ணைப் பொத்தி, "செத்தான்" என்று தயாரிப்பாளரே சொன்னதுபோல் ஆகிவிட்டது. அதற்குப் பிறகு எந்தச் சாவையும் யாரும் உடனே நம்பவில்லை. 2016 ஏப்ரல் 3இல் வில்லன் நேகன் மட்டையை ஓங்கிய இடத்தில் சீசனை முடித்து, யார் தலையில் விழுந்தது என்பதை அக்டோபர் 23 வரை இழுத்தார்கள். அன்று அமெரிக்காவில் பார்த்தவர்கள் 1 கோடியே 70 லட்சம் பேர். ஏப்ரஹாமும் க்ளெனும் போனார்கள். தொடருக்கு மூலமான காமிக்ஸில் க்ளெனின் சாவு 100ஆம் இதழில், ஒரே இதழில் முடிந்தது. அது வலித்தது, இது எரிச்சல்.

மண்டோரைச் சாகடிப்பதானால் கேட்பவன் காதுமுன் சாகடியுங்கள். தப்ப வைப்பதானால் அவர் எங்கே ஒளிந்தார் என்பதைக் கேட்பவனுக்கு முதலிலேயே சொல்லிவிட்டு, லயத்து ஆட்களுக்கு மட்டும் தெரியாமல் வையுங்கள். பதைப்பு குறையாது, கூடத்தான் செய்யும்.

காப்சாய்70:

வண்டி கேள்விக்கு வருகிறேன். தொடரில் பலரும் பிடிக்கும் குறை பெட்ரோல்தான். சீசன் 8 போரில் தகரம் அடித்த கார்கள் வரிசையாகப் போகின்றன, கதைக்குள் அப்போது ஏறத்தாழ 2 ஆண்டு. சீசன் 9இல் குதிரைக்கும் வண்டிக்கும் மாறியது நல்ல முடிவு, ஆனால் தாமதம்.

பெட்ரோல் சாதாரணமாக 3 முதல் 6 மாதம். லேசான பகுதி ஆவியாகிப் போகும், மிச்சம் காற்றோடு சேர்ந்து பிசினாகும். நம் வெயிலில், பாதி காலியான தொட்டியில், இன்னும் சீக்கிரம். நிழலில் விளிம்பு வரை நிரப்பி மூடிய 200 லிட்டர் டிரம்மில் வைத்திருந்தால் ஓராண்டை நெருங்கலாம். 14ஆம் மாதம் ரோட்டோரக் காரில் உறிஞ்சிய பெட்ரோலில் ஓடுவதாக எழுதாதீர்கள். உறிஞ்சுவதே லேசில்லை. புதிய கார்களின் நிரப்பு குழாயில் தடுப்பு இருக்கும், ரப்பர் குழாய் உள்ளே போகாது.

எல்லாரும் பெட்ரோலைப் பேசுவார்கள், பேட்டரியைப் பேச மாட்டார்கள். ஈய பேட்டரி சும்மா கிடந்தாலே தானாக இறங்கும், தகட்டில் சல்பேட் படியும், சூட்டில் சில மாதத்தில் செத்துப்போகும். 14 மாதம் நின்ற காருக்கு நல்ல பெட்ரோல் ஊற்றினாலும் "டக்" என்றுகூடச் சொல்லாது.

ஆகவே உங்கள் கதையின் வண்டி காரல்ல, பழைய கார்ப்பரேட்டர் காப்சாய், அதாவது சின்ன மோட்டார்சைக்கிள். கிக் அடித்தால் போதும், பல பழைய மாடல்களில் பேட்டரி இல்லாமலே பொறி வரும். (இன்ஜெக்ஷன் வண்டி வேண்டாம், அதற்குப் பொதுவாகப் பேட்டரி வேண்டும்.) நின்ற வண்டியை எழுப்பும் காட்சி வைத்தால் வரிசை இது: பழைய பெட்ரோலை முழுக்க இறக்கு. கார்ப்பரேட்டர் கிண்ணத்தைக் கழற்று. பெட்ரோல் போகும் சிறு துளைக்குழாய்களான மெயின் ஜெட், ஸ்லோ ஜெட் இரண்டையும் எடுத்து மெல்லிய செம்புக் கம்பி இழையால் துளையைத் திற. ஊது. பூட்டு. பிளக்கைத் துடை. சோக் இழுத்து உதை. ஜெட்டை விட்டுவிட்டால் வண்டி எழும்பும், ஆக்ஸிலேட்டர் திருகியதும் அடைத்து நிற்கும். துரத்தல் காட்சிக்கு இதைவிட நல்ல கோளாறு கிடைக்காதுலா.

டீசல் 6 முதல் 12 மாதம். ஆனால் நம் நாட்டு டீசலில் செம்பனை பயோடீசல் கலந்திருக்கிறது, 2019 முதல் போக்குவரத்து டீசலில் 10 விழுக்காடு. அது ஈரத்தை இழுக்கும். அடியில் தண்ணீர் தங்கி, தண்ணீரும் டீசலும் சந்திக்கும் இடத்தில் கிருமி வளர்ந்து கறுப்புச் சளி வரும், ஃபில்டர் அடைக்கும். டிரம்மை 2 நாள் அசைக்காமல் வைத்து, அடித்தண்ணீரை வடித்து, துணியில் வடிகட்டினால் தோட்டத்து டிராக்டர் ஓடும். டிராக்டரைச் சரிவில் நிறுத்தி வையுங்கள், உருட்டி கியரில் போட்டு எழுப்பலாம். மாற்று ஃபில்டர் 2 கையில் இருக்கட்டும்.

செம்பனை எண்ணெயையே ஊற்றினால் என்ன என்று யாராவது கேட்பார். நம் சூட்டிலேயே அது பாதி உறையும், இன்ஜெக்டருக்கு ரொம்பக் கெட்டி. பயோடீசலாக்க 10 பங்கு எண்ணெய்க்கு 1 பங்கு மெத்தனால் எடைக்கு வேண்டும், காஸ்டிக் சோடா மாதிரிக் காரமும் வேண்டும். லயத்தில் மெத்தனாலுக்கு எங்கே போவது? விளக்குக்கு ஊற்றுங்கள், சமைக்க ஊற்றுங்கள்.

நிரை 9:

காப்சாய் அண்ணன் வண்டியை முடித்துவிட்டார். நான் குடல் பூச்சுக்கு.

தொடரே போட்ட விதி அது. சீசன் 1இன் 2ஆம் பகுதியில் நாயகன் ரிக்கும் க்ளெனும் பூசிக்கொண்டு அட்லாண்டாத் தெருவில் நடக்கிறார்கள், மழை வந்து கழுவிவிட ஓடுகிறார்கள். அருமையான காட்சி. அதற்குப் பிறகு அடிக்கடி "ஏன் இப்போது பூசவில்லை?" என்று கத்த வேண்டியிருந்தது. ரிக் கூட்டத்துக் கரோல் டெர்மினஸ் முகாமில் பூசினாள், சீசன் 6இல் போர்வையில் பூசி நடந்தபோது சிறுவன் சாம் பயந்து உறைந்து எல்லாம் கெட்டது. நடுவில் மறந்துபோனார்கள். சீசன் 8இல் பூசிய கேப்ரியலுக்குக் காய்ச்சல், நேகன் ஆட்கள் பிணரத்தம் தடவிய ஆயுதத்தால் காயப்பட்டவர்கள் எழுந்தார்கள். அதுவரை முகமெல்லாம் ரத்தம் தெறித்தும் ஒருவருக்கும் ஒன்றும் ஆகவில்லையே!

பேராவில் இந்தக் கேள்விக்கு வானமே விடை சொல்லும். மத்தியானத்துக்கு மேல் இடிமழை வழக்கம். அதனால் பூச்சு அதிகாலை வேலை, பால் வெட்டு மாதிரி. இருட்டோடு கிளம்பி 11 மணிக்குள் திரும்பிவிட வேண்டும், மேகம் கறுத்தால் அன்றைக்கு யாரும் போகக்கூடாது. கேட்பவர்களுக்கு இது விளக்கம் இல்லாமலே புரியும், மழை பிடித்தால் பால் பிடிக்கும் மங்குக் கிண்ணத்தைக் கவிழ்க்கும் ஊர்தானே நாம். வெட்டுக்காயம் உள்ளவர் பூசக்கூடாது என்று ஒரு விதியை முதல் பகுதியிலேயே போட்டுவிடுங்கள், சீசன் 8 சிக்கல் உங்களுக்கு வராது.

துப்பாக்கி: 1960 ஆயுதச் சட்டம், துப்பாக்கிக் குற்றத்துக்குத் தண்டனையைக் கூட்டிய 1971 சட்டம் இரண்டும் சேர்ந்து இந்த நாட்டில் வீட்டுக்கு வீடு துப்பாக்கி கிடையாது. காட்டுப்பன்றிக்கு உரிமம் உள்ள ஷாட்கன் ஒன்றிரண்டு, போலீஸ் நிலையத்தில் சில. தோட்டாவைத் தொடரின் யூஜின் போல மீண்டும் செய்வதில் ஈயக் குண்டு வார்ப்பது சுலபம், பித்தளைக் கூடும் திரும்பப் பயன்படும். சிக்கல் மருந்தைப் பற்றவைக்கும் பிரைமரும் புகையில்லா மருந்தும். தொடரில் கைவேலைத் தோட்டாவைக் கூட்டின் தடயம் பார்த்தே நேகன் கண்டுபிடித்தது நல்ல கவனிப்பு.

நம்மிடம் இருப்பது செம்பனைக் குலை வெட்டும் கருவி. இதில் ஒரு தப்பு எல்லாரும் செய்வார்கள்: நீளக் கழி அரிவாளால் கழுத்தை இழுப்பது. அது உட்பக்கம் கூரானது, இழுத்து வெட்டுவது, தலை விழும். ஆனால் விழுந்த தலை சாகாது, புல்லுக்குள் கிடந்து கணுக்காலைக் கடிக்கும். தொடரில் வெட்டுண்ட பிறகும் விழித்த ஹெர்ஷல் தலையை நினைத்துப் பாருங்கள். இளமரத்துக் குலைக்குக் குத்துகிற தட்டை உளிக் கழிதான் சரி. அது தள்ளி வெட்டுவது, கண்குழி வழியாக நேரே போகும், 2 மீட்டர் தூரத்தில் நிற்கலாம். நீளக் கழியை ஓலை அடர்ந்த நிரைக்குள் சுழற்றவும் முடியாது.

பெரட்டுமணி:

உளி யோசனை எடுத்துக்கொண்டோம், அண்ணே. மண்டோர் சாவை நேராகவே வைக்கிறோம், 3க்கு 1. இன்னொன்று: கிணற்றுக்குள் நடைப்பிணம் ஒன்று விழுந்த காட்சி வைக்க ஆசை, சீசன் 2 மாதிரி. அதை முட்டாள்தனம் என்று பலர் சொல்கிறார்களே?

தொட்டித்தண்ணி:

முட்டாள்தனம்தான், தம்பி, ஆனால் எந்த இடத்தில் என்று சரியாகச் சொல்ல வேண்டும்.

ரத்தம் கலந்தால் கிணறு கெடும் என்று பயந்து அதை உயிரோடு, அதாவது நடையோடு, தூக்கப் பார்த்தார்கள். க்ளெனைக் கயிற்றில் இறக்கி இரை காட்டினார்கள். ஊறிப் புடைத்த உடம்பு ஏற்கெனவே கரைந்துகொண்டிருக்கிறது. கிணறு கெட்டது அது விழுந்த அன்றே. இரண்டாவது தப்பு, ஒற்றைச் சுருக்கில் இழுத்தது. ஊறிய உடம்பில் தோல் வழுகும், எடை ஒரே கோட்டில் ஏறும், நடுவில் பிய்யும். பிய்ந்தது.

சரியாக எழுத வேண்டுமானால் மேலிருந்தே தலையைக் குத்தி அடக்கட்டும். பிறகு குலை ஏற்றுகிற வலையை அடியில் விட்டு முழு உடம்பையும் தாங்கித் தூக்கட்டும். கிணற்றை அடிவரை இறைக்கட்டும், ஊறவிட்டுத் திரும்ப இறைக்கட்டும், கலங்கல் போகும்வரை. அப்புறம்தான் குளோரின், கலங்கல் தண்ணீரில் ஊற்றினால் அழுக்கே அதைத் தின்றுவிடும்.

கணக்கு: 1 மீட்டர் அகலம், 3 மீட்டர் தண்ணீர் என்றால் ஏறத்தாழ 2,350 லிட்டர். 1,000 லிட்டருக்கு 5 விழுக்காடு குளோரின் திரவம் 1 லிட்டர் ஊற்றினால் லிட்டருக்கு 50 மில்லிகிராம் வரும். ஆக 2.4 லிட்டர். ஆனால் 14 மாதம் பழைய திரவம் பாதி வீரியம்கூட இருக்காது. நீச்சல்குளத்துக்குப் போடும் 70 விழுக்காடு தூள் காய்ந்த டப்பாவில் கிடைத்தால் 1,000 லிட்டருக்கு 71 கிராம், மொத்தம் 170 கிராம் போதும். 12 மணி நேரம் விட்டு, வாடை குறையும்வரை இறைக்க வேண்டும். குடிக்கும் தண்ணீரை அதன் பிறகும் தளதளவென 1 நிமிடம் கொதிக்கவைக்க வேண்டும். அந்தத் தூளுக்காக ஈப்போ வரை போவதா என்பதே உங்களுக்கு ஒரு பகுதி.

கார்ல் கட்சி:

மண்டோரை நேரே சாகடிப்பது சரி. ஆனால் யாரை என்பதையும் யோசியுங்கள். க்ளெனை ஒளித்ததைவிட எனக்குப் பெரிய குற்றம் ரிக்கின் மகன் கார்ல் சாவு. 2017 டிசம்பரில் வயிற்றில் கடித்தடம் காட்டினார்கள், அடுத்த பிப்ரவரியில் போனான். காமிக்ஸில் 2019இல் 193ஆம் இதழோடு கதை முடியும்போது கார்ல் பெரியவனாகிக் குடும்பத்தோடு இருக்கிறான், மொத்தக் கதையும் அவனுக்காக நடந்தது என்று அங்கே தெரிகிறது. தொடர் அந்தக் கம்பத்தைப் பிடுங்கிவிட்டுக் கூரையை 2022 வரை கையால் தாங்கியது. உங்கள் கதை யாருக்காக நடக்கிறதோ அந்த ஆள் தமிழ்ப்பள்ளிப் பிள்ளைகளில் ஒருவரானால் அவரைத் தொடாதீர்கள்.

குப்பைத்தொட்டி மறவாதவன்:

ஒத்துக்கொள்ள மாட்டேன். கார்ல் சாவில் ஏமாற்று இல்லை. கடித்தது, காட்டினார்கள், செத்தான். கதைக்குக் கேடு என்பது வேறு, பார்ப்பவனைப் பொய் சொல்லி ஏய்ப்பது வேறு.

முள்வேலி48:

வேலியைப் பற்றி யாருமே பேசவில்லையே. தொடரில் ரிக் கூட்டம் தங்கிய சிறையின் வேலி சீசன் 4இல் சாய்ந்தது சரியான காரணத்தால்: ஓர் இடத்தில் கூட்டம் நின்று தள்ளியது. கம்பி அறுவதில்லை, கம்பம் சாயும். உள்ளேயிருந்து கம்பி வழியாகக் குத்திக் கொன்றதும் அங்கேயே குவிந்து மேடானது. உங்கள் ஆட்கள் குத்தும் இடத்தைத் தினமும் மாற்றட்டும், பிணத்தை மாலைக்குள் இழுத்துப் போடட்டும், கம்பத்துக்கு உட்பக்கம் சாய்வுக் கால் கொடுக்கட்டும். யானைக்குப் போடும் மின்வேலி வீண், அது வலிக்கப் பயப்படும் உயிருக்கு. யானை அகழி உதவும், ஆனால் மழையில் கரை சரிந்து சரிவாகிவிடும், மாதம் ஒருமுறை சீவ வேண்டும்.

சுங்கை சிப்புட் என்றால் 1948ஐ விட முடியாது. ஜூன் 16இல் தோட்டத் துரைமார் 3 பேர் சுடப்பட்டதை ஒட்டித்தான் மலாயாவில் கம்யூனிஸ்டுகளுக்கு எதிரான அவசரகாலம் வந்தது. (எல்பில் தோட்டத்தில் செத்தவர் பெயர் வாக்கர், தொடரில் நடைப்பிணத்தையும் அப்படித்தான் அழைப்பார்கள். உங்கள் நாடகத்தில் இதை வைத்து நகைச்சுவை செய்யாதீர்கள்.) பிறகு முள்வேலிக்குள் லயங்களை ஒன்றாக்கினார்கள், வாசலில் சோதனை, இரவு ஊரடங்கு, அரிசிக்கு அளவு, விற்கிற டின்னைக் கடையிலேயே துளை போட்டுக் கொடுப்பார்கள், பதுக்க முடியாதபடி. தொடரின் அலெக்ஸாண்ட்ரியா குடியிருப்பில் உணவறைக் கணக்கைக் காட்டினார்கள், ஆனால் பசியைக் காட்டவில்லை. ஆளுக்கு நாளொன்றுக்கு 400 கிராம் அரிசி என்றால் 40 பேருக்கு 16 கிலோ, மாதம் 480 கிலோ, அதாவது 10 கிலோ மூட்டை 48. செம்பனைத் தோட்டத்தில் நெல் இல்லை. மரவள்ளி 8 முதல் 12 மாதம், சர்க்கரைவள்ளி 4 மாதம். முதல் வாரமே நட்டிருந்தால்தான் 14ஆம் மாதம் 40 பேர் நிற்பார்கள். கசப்பு மரவள்ளி ஆனால் தோல் சீவி, ஊறவைத்து, வேகவைத்து, தண்ணீரைக் கொட்ட வேண்டும், அவசரத்தில் தின்றவர் விஷத்தில் போவார். உங்கள் விதிப்படி அவரும் எழுவார், வேலிக்கு உள்ளே.

பெரட்டுமணி:

3ஆம் பகுதி கிடைத்துவிட்டது. மரவள்ளிச் சாவு, இரவு, லயத்துக் கடைசிக் கதவு. தோட்டத்து எழுத்தரான கிராணி ஐயா பாத்திரம்தான் அரிசிக் கணக்கு வைத்திருப்பார். நட்ட தேதி முதல் பகுதியிலேயே அவர் வாயில் வரட்டுமா, அல்லது சுவரில் கரியால் எழுதியிருக்கட்டுமா?

நிரை 9:

குரல் நாடகம்தானே, சுவரை யார் பார்ப்பது? காலையில் ஆட்களைக் கூட்டும் பெரட்டில் பேர் கூப்பிடும்போது சொல்லட்டும்.