முழங்கால் மூட்டு மாற்று: தொடையில் போடும் நரம்பு ஊசி எதற்காக?

கேள்வி – வைகைக்கரை:
என் அம்மாவுக்கு (வயது 71, சர்க்கரை நோய் உண்டு) அடுத்த மாதம் வலது முழங்காலில் மூட்டு மாற்று அறுவை சிகிச்சை. முதுகில் ஊசி போட்டு இடுப்புக்குக் கீழே மரத்துப்போகச் செய்வதாகவும், பிறகு வலி தெரியாமலிருக்கத் தொடையில் தனியாக ஒரு நரம்பு ஊசி போடுவதாகவும் மயக்க மருந்து மருத்துவர் கூறினார். 2011-இல் இதே அறுவை செய்துகொண்ட பெரியம்மா அன்றிரவு வலியில் அலறியதையும், வலி ஊசி போட்டதும் விடியும்வரை வாந்தியெடுத்ததையும் அருகிலிருந்து பார்த்தவர் அம்மா. ‘முதுகில் ஊசி போட்டால் ஆயுசுக்கும் இடுப்புவலி’ என்ற பேச்சும் காதில் விழுந்திருப்பதால், முழு மயக்கமே போதும் என்கிறார். அது சரியா? தொடை ஊசி என்னதான் செய்கிறது?

பதில் – மயக்கவியலார்:
முதுகில் குத்திய இடத்தில் சில நாள் நோவு இருக்கலாம். நாட்பட்ட இடுப்புவலிக்கு அந்த ஊசிதான் காரணம் என்பதற்குச் சான்று இல்லை. மூட்டுத் தேய்ந்து வருபவர்களில் பலருக்கு முதுகெலும்பும் தேய்ந்திருக்கிறது, பழி ஊசியின் மேல் விழுகிறது. முழு மயக்கத்திலும் இந்த அறுவையைப் பாதுகாப்பாகச் செய்யலாம், ஆனால் விழித்ததும் வலி காத்திருக்கும்.

முதுகு ஊசியின் வேலை சில மணி நேரத்தில் முடிந்துவிடும். தொடை ஊசி அதற்குப் பிறகான நேரத்துக்கானது. முன்பெல்லாம் தொடையிடுக்கில் பெரிய நரம்பையே மரக்கச் செய்தோம். வலி அடங்கியது, ஆனால் முன்தொடைத் தசையும் சேர்ந்து தளர்ந்ததால், எழுந்து நின்றவர்கள் முழங்கால் மடங்கி விழும் அபாயம் இருந்தது. இப்போது அல்ட்ராசவுண்ட் திரையில் ஊசிமுனையைப் பார்த்தபடியே, நடுத்தொடையில் தசைகளுக்கிடையே ஓடும் குறுகிய பாதையில் மருந்தைச் செலுத்துகிறோம். உணர்வு மரக்கிறது, தசையின் வலு பெரும்பாலும் தங்குகிறது, வாக்கரைப் பிடித்து விரைவில் நடக்க முடிகிறது. முழங்காலின் பின்பக்க வலி மட்டும் இதில் அடங்காது. அதற்கு மூட்டைச் சுற்றி வேறு மருந்து போடுவார்கள்.

சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் கிரியேட்டினின் அளவை அம்மாவுக்குப் பார்க்காமல் செலிகாக்சிப் போன்ற வலி மாத்திரைகளைத் தொடங்கக் கூடாது. இரத்தம் உறையாமலிருக்க ஏதேனும் மாத்திரை எடுத்தால் இப்போதே சொல்லிவிடுங்கள். முதுகு ஊசி போடலாமா என்பதே அதைப் பொறுத்துத்தான்.

பதில் – கொள்ளிடத்தான்:
என் மாமனாருக்கு இதே தொடை ஊசிதான் போட்டார்கள். அன்று மாலை கால் தன்னுடையதே இல்லை என்று சிரித்துக்கொண்டு, பாராசிட்டமால் மாத்திரையை ‘வலியே இல்லையே’ என்று தள்ளிவைத்தார். இரவு இரண்டு மணிக்கு ஊசியின் மரப்பு விட்டது. கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு பல்லைக் கடித்தார். அதன் பிறகு டிரமடால் என்ற வலுவான வலி மருந்து கொடுத்தும் அடங்க விடிந்துவிட்டது. மாத்திரையை வலிக்காகக் காத்திராமல் மணி பார்த்துக் கொடுங்கள்.

வைகைக்கரை:
இருவருக்கும் நன்றி. அமெரிக்காவில் அபினி வகை சேராத புதிய வலி மாத்திரை வந்திருப்பதாகப் படித்தேன். அம்மாவுக்குக் கேட்கலாமா?

மயக்கவியலார்:
சுசெட்ரிஜின். 2025 ஜனவரியில் அங்கே ஒப்புதல் பெற்றது. வலிச்செய்தியை மூளைக்குக் கடத்தும் புற நரம்புகளிலுள்ள ஒரு சோடியம் வாயிலை (நரம்புக்குள் சோடியம் நுழையும் வழியை) மட்டும் அடைப்பதால், அபினி வகை மருந்துகளைப் போல அடிமையாக்கும் என்ற அச்சம் இதில் இல்லை. ஒப்புதலுக்கு அடிப்படையான பெரிய சோதனைகள் கால் பெருவிரல் எலும்பு அறுவையிலும் வயிற்றுத் தோல் சீரமைப்பிலும் நடந்தவை. அவற்றிலும் ஹைட்ரோகோடோன் என்ற அபினி வகை மருந்தும் பாராசிட்டமாலும் சேர்ந்த கலவையை அது விஞ்சவில்லை. நான் இன்னும் யாருக்கும் கொடுத்ததில்லை. உங்கள் அம்மாவுக்கு அது இல்லாதது ஒரு குறையும் அன்று. சர்க்கரைக்காக வாரம் ஒரு முறை செமாகுளூட்டைடு ஊசி போடுகிறாரா என்பதுதான் எனக்கு இப்போது தெரியவேண்டியது. அது இரைப்பை காலியாவதைத் தாமதப்படுத்தும்; முழு மயக்கத்தில் இரைப்பையில் மிஞ்சியிருப்பது மேலேறி நுரையீரலுக்குள் போகும் அபாயம் உண்டு. முழு மயக்கம் கேட்கும் அம்மாவிடம் இதையும் சொல்லுங்கள்.