ஞாயிறு ஓய்வை வீட்டில் எப்படி ஆசரிப்பது?

கேள்வி: ஆராதனை முடிந்து வந்ததும் சமையல், துணி, ஆபீஸ் மெயில் என்றே ஞாயிறு போய்விடுகிறது. ஓய்வுநாளை எங்கிருந்து தொடங்குவது?

பதில் 1: சனிக்கிழமையிலிருந்து, பிரதர். யாத்திராகமம் 16-ல் இஸ்ரவேலர் ஓய்வுநாளுக்கும் சேர்த்து ஆறாம் நாளிலேயே தலைக்கு இரண்டு ஓமர் (ஓமர் ஓர் அளவு) மன்னா, அதாவது வானத்திலிருந்து வந்த அப்பம், சேர்த்தார்கள். ஆயத்தம் இல்லாவிட்டால் ஓய்வு கிடைக்காது. சனி சாயங்காலம் 6 மணிக்குள் துணி இஸ்திரி, மாவு அரைப்பது, காய் நறுக்குவது எல்லாம் முடியட்டும். ஞாயிறு சோறு வடித்து, ஒரு குழம்பு வைத்தால் போதும், பிரியாணி வேண்டாம். பெரும்பாலான வீடுகளில் ஐயா சாய்வுநாற்காலியில், அம்மா அடுப்படியில். இது ஓய்வுநாளே இல்லை! உபாகமம் 5:14 வேலைக்காரியும் "உன்னைப்போல" இளைப்பாறவேண்டும் என்கிறது.

பதில் 2: ஒரு விளக்கம். வேதத்தின் ஓய்வுநாள் ஏழாம் நாள், அதாவது சனி. ஏழாம் நாள் அட்வென்டிஸ்ட் சபையார் வெள்ளி சூரியன் மறைவதிலிருந்து சனி மறைவுவரை ஆசரிக்கிறார்கள். ஞாயிறு, கர்த்தர் உயிர்த்தெழுந்த நாள். கி.பி. 321-ல் ரோமப் பேரரசர் கான்ஸ்டன்டைன் அதை ஓய்வுநாளாகச் சட்டமாக்குமுன்பே சபை அன்று கூடியது. கொலோசெயர் 2:16-ஐ வாசியுங்கள், நாளைக் குறித்து யாரையும் குற்றப்படுத்த வேண்டாம்.

பதில் 3: ஷிஃப்டில் இருக்கும் நர்ஸ் சகோதரிகள் குற்றவுணர்வு கொள்ளவேண்டாம். சூம்பின கையை இயேசு ஓய்வுநாளில்தான் சுகமாக்கினார். வாரத்தில் வேறொரு 24 மணி நேரத்தைக் குறித்துவையுங்கள். மெயில் நோட்டிஃபிகேஷனை முந்தின இரவே அணைத்துவிடுங்கள். சத்தத்தை மட்டும் குறைத்தால் கை தானாகப் போனுக்குப் போகும்.